காய்ச்சல் வராத வீட்டிலும் டெங்கு இருக்கும்: ஒரு சிறு வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள். வீட்டில் உம்மாமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சென்ற மாரி மழை விட்ட கையோடு எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு டெங்கு வந்தது. சில நாள் வார்டில் இருந்து, அல்ஹம்துலில்லாஹ், சுகமாகித் திரும்பியது. ஆனால் பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஒழுங்கையில் கதை பரவிவிட்டது. பிள்ளையின் வாப்பா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்பவர். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போவார். "அவர்தான் கொழும்பிலிருந்து கொண்டு வந்து போட்டார்" என்றார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகளை விளையாட விடாமல் சிலர் தடுத்தார்கள். ஆசிரியர்களாகிய எங்கள் மத்தியிலும் அதே பேச்சு வந்தது. நாங்களும் தலையாட்டினோம். அது இன்றுவரை மனதை உறுத்துகிறது.

அதற்கு அடுத்த கிழமை, சுகாதாரப் பரிசோதகரோடு வீடு வீடாகப் போனபோது ஒரு வாசலில் எங்களை மறித்தார்கள். "எங்கட வீட்டில ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லையே சேர். பிறகு ஏன் எங்கட தொட்டியப் பார்க்கிறீங்க?" என்று கேட்டார்கள். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்கள்.

இந்த இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றுதான். காய்ச்சல் இருக்கும் இடத்தில்தான் நோய் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். இந்த நினைப்பு நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. உலகத்து வைத்தியர்களும் நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தார்கள். அது பிழை என்று எப்படித் தெரியவந்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறோம்.

முதலில் நியூயோர்க் நகரத்துக்குப் போவோம். மேரி மெலன் என்று ஒரு சமையற்காரப் பெண் இருந்தார். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர். அவர் சமைத்த வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக நெருப்புக் காய்ச்சல் (டைபொயிட்) வந்தது. 1907இல் அதிகாரிகள் அவரைக் கண்டுபிடித்தார்கள். அவரோ நல்ல சுகதேகி. காய்ச்சல் வந்ததாக அவருக்கு நினைவே இல்லை. ஆனால் அவருடைய உடலில் கிருமி உயிரோடு இருந்தது. 1910 வரை ஒரு தீவில் தனியே வைத்தார்கள். பிறகு விட்டார்கள். அவர் மீண்டும் சமையல் வேலைக்குப் போய் அங்கும் நோய் பரவவே, 1915இல் மறுபடியும் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1938இல் மரணிக்கும்வரை அங்கேயே இருந்தார். அதே நகரத்தில் அவரைப் போல நோயில்லாமல் கிருமியைச் சுமந்த வேறு பலரும் பின்னர் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் யாரையும் இத்தனை வருடம் அடைத்து வைக்கவில்லை. ஏழை, வெளிநாட்டிலிருந்து வந்தவர், பெண். அவருடைய பெயர் மட்டும் ஒரு வசைச்சொல்லாகிப் போனது.

அதே காலத்தில் துனீசியாவின் தலைநகர் துனிஸில், பாஸ்டர் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் சார்ல்ஸ் நிக்கோல். டைபஸ் என்ற கொடிய காய்ச்சல் பேனால் பரவுகிறது என்று 1909இல் நிரூபித்தவர். 1928இல் நோபல் பரிசு பெற்றவர். ஆய்வுக்காக கினிப்பன்றிகளுக்கு நோயை ஏற்றிப் பார்த்தபோது, சில விலங்குகளுக்கு எந்த அறிகுறியும் வரவில்லை. ஆனால் அவற்றின் இரத்தத்தை வேறொன்றுக்கு ஏற்றியபோது அது நோயுற்றது. தொற்று வேறு, நோய் வேறு என்பது அங்கே தெளிவானது. வெளியே தெரியாத தொற்று என்று அதற்கு அவர் பெயர் வைத்தார். தன் கண்டுபிடிப்புகளில் முக்கியமானதாக அவர் கருதியதும் இதைத்தான்.

இனி டெங்குவுக்கு வருவோம்.

டெங்குவை ஏடிஸ் நுளம்பு பரப்புகிறது என்று 1906இல் அவுஸ்திரேலியாவில் பான்க்ரொஃப்ட் என்ற வைத்தியர் கூறினார். 1920களில் மணிலாவில் அமெரிக்க இராணுவ வைத்தியர்கள் இதைத் துல்லியமாகச் சோதித்தார்கள். தாமாக முன்வந்த வீரர்களை நுளம்பு கடிக்க விட்டு, நாள் நாளாகக் குறிப்பெடுத்தார்கள். ஒரு முக்கியமான விசயம் அப்போதே தெரிந்துவிட்டது. காய்ச்சல் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே அந்த மனிதனின் இரத்தம் நுளம்புக்குத் தொற்றைக் கொடுக்கிறது. அதாவது நோயாளி தான் நோயாளி என்று அறிவதற்கு முன்பே நுளம்பு அறிந்துவிடுகிறது. வைரஸை 1943இல் ஜப்பானின் நாகசாகியில் ஹொட்டா, கிமுரா என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அதற்கு நான்கு வகைகள் உண்டு என்பது பின்னர் தெரியவந்தது.

நம் நாட்டில் டெங்கு 1962இல் இரத்தப் பரிசோதனை மூலம் உறுதிப்படுத்தப்பட்டது. 1965இல் தொடங்கி சில வருடங்கள் டெங்குவும் சிக்குன்குனியாவும் சேர்ந்தே பரவின. அப்போது குருதிப்பெருக்குக் காய்ச்சலாக மாறியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே. 1989இல்தான் முதல் பெரிய குருதிப்பெருக்கு டெங்கு வந்தது. இருநூறு பேரளவில் நோயுற்று இருபது பேர் மரணித்தார்கள். 2006 கடைசியில் அதே நுளம்பு சிக்குன்குனியாவைத் திரும்பக் கொண்டு வந்தது. மூட்டு வலியில் எழும்ப முடியாமல் கிடந்ததை நம் மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். 2009இல் டெங்கு நோயாளர் 35,000. 2017இல் ஒரு இலட்சத்து 86 ஆயிரம். அந்த ஒரே வருடத்தில் 400க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இந்த எண்கள் எல்லாம் வைத்தியசாலைக்குப் போனவர்களின் எண்கள். போகாதவர்கள்?

அதையும் நம் நாட்டில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கொழும்பில் சனநெருக்கம் கூடிய பகுதியில் 800 பிள்ளைகளை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2014இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஆரம்பத்திலேயே இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு, அதாவது 53 சதவீதமானோருக்கு, ஏற்கெனவே டெங்கு தொற்றிப் போயிருந்தது. அந்த வருடத்தில் நூறு பிள்ளைகளில் எட்டுப் பேருக்குப் புதிதாகத் தொற்றியது. அவர்களில் நோயாக வெளியே தெரிந்தது மூன்று பேருக்கு மட்டுமே. மற்ற ஐந்து பேரும் வழமைபோல ஓடி விளையாடினார்கள், பாடசாலைக்குப் போனார்கள்.

உலக அளவிலும் கணக்கு இதுதான். வருடத்துக்கு 39 கோடி டெங்குத் தொற்றுகள் ஏற்படுவதாகவும், அவற்றில் 9 கோடி 60 இலட்சம் மட்டுமே நோயாக வெளிப்படுவதாகவும் 2013இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறியது. நாலில் மூன்று பங்கு நம் கண்ணில் படுவதில்லை.

சரி, நோயில்லாதவரிடமிருந்து நுளம்புக்குத் தொற்றுமா? இந்தக் கேள்விக்கு 2015இல் கம்போடியாவிலிருந்து பதில் வந்தது. டெங்கு நோயாளியின் வீட்டிலும் சுற்றுப்புறத்திலும் இருந்தவர்களைப் பரிசோதித்தார்கள். எந்த அறிகுறியும் இல்லாமல் இரத்தத்தில் வைரஸ் இருந்த சிலர் அகப்பட்டார்கள். ஆய்வுகூடத்தில் வளர்த்த நுளம்புகளுக்கு அவர்களின் இரத்தத்தைக் கொடுத்தார்கள். நுளம்புகளுக்குத் தொற்றியது. அதுமட்டுமல்ல, இரத்தத்தில் ஒரே அளவு வைரஸ் இருக்கும்போது, நோயாளியைவிட நோயில்லாதவரே நுளம்புக்குக் கூடுதலாகத் தொற்றைக் கொடுத்தார். 2018இல் இன்னொரு குழு இதையெல்லாம் கணித மாதிரியில் போட்டுப் பார்த்தது. டெங்குப் பரவலில் 84 சதவீதம் வரை சுகாதாரத் துறையின் கண்ணில் படாத தொற்றுகளிலிருந்து வரக்கூடும் என்றது அது. நோய் என்று கண்டறியப்பட்டவர், அறிகுறி தொடங்கிய பிறகு மற்றவருக்குப் பரப்புவது ஒரு சதவீதம்தான். இது ஒரு மதிப்பீடு. கூடலாம் குறையலாம். ஆனால் எந்தப் பக்கம் பாரம் கூட என்பது தெளிவு.

கொஞ்சம் யோசித்தால் நமக்கே விளங்கும். கடும் காய்ச்சல்காரர் நுளம்புவலைக்குள் வார்டில் படுத்திருக்கிறார். காய்ச்சல் இல்லாதவர் கடைக்குப் போகிறார், மாமி வீட்டுக்குப் போகிறார், பிள்ளை மத்ரசாவுக்குப் போகிறது. ஏடிஸ் நுளம்பு தூரம் பறக்காது. பிறந்த இடத்தைச் சுற்றியே இருக்கும். பகலில் கடிக்கும். அப்படியென்றால் வைரஸைத் தெருவுக்குத் தெரு கொண்டுபோவது மனிதர்களின் கால்கள். பெரு நாட்டின் அமேசன் கரையில் உள்ள இகிட்டோஸ் நகரத்தில் இதையே ஆராய்ந்தார்கள். சொந்தக்காரர், சிநேகிதர் வீடுகளுக்குப் போய் வருவதுதான் டெங்குவை வீட்டுக்கு வீடு நகர்த்துகிறது என்று கண்டார்கள். உறவு விட்டுப்போகாத நம் ஊருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

"அறிகுறி இல்லையென்றால் நல்லதுதானே, ஆபத்தில்லாமல் போகிறதே" என்று சிலர் நினைக்கலாம். கியூபாவின் கதையைக் கேளுங்கள். 1977இல் அங்கே முதலாம் வகை டெங்கு பரவியது. பெரும்பாலும் லேசானது. பலருக்குத் தெரியவே இல்லை. 1981இல் இரண்டாம் வகை வந்தது. மூன்று இலட்சத்து 44 ஆயிரம் பேர் நோயுற்றார்கள். 158 பேர் மரணித்தார்கள். அவர்களில் 101 பேர் சிறுவர்கள். முதல் தடவை ஒரு வகை தொற்றி, பிறகு வேறு வகை தொற்றும்போது, முதல் தடவை உண்டான எதிர்ப்புப் பொருளே சிலரில் வைரஸுக்கு உதவியாகிவிடுகிறது. "என் பிள்ளைக்கு டெங்கு வந்ததே இல்லை" என்று நாம் சொல்வது நம் ஞாபகத்தை வைத்து. பிள்ளையின் இரத்தத்தில் வேறு கணக்கு இருக்கலாம்.

இனி நம் நாட்டுப் பெருமை ஒன்று. 1934, 35இல் மலேரியா இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. பிறகு டிடிடி அடித்து அடித்து 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர் என்ற அளவுக்குக் குறைத்தார்கள். முடிந்தது என்று நினைத்துக் கையைத் தளர்த்தினார்கள். 1969இல் மலேரியாக்காரர் ஐந்து இலட்சத்துக்கும் மேல். கணக்கில் வராத தொற்று அடங்கிக் கிடந்து திரும்ப எழும்பியது. இரண்டாவது தடவை அந்தப் பிழையை விடவில்லை. மலேரியா தடை இயக்கத்தார் ஊர் ஊராக வந்து, காய்ச்சல் இல்லாதவர்களின் விரலிலும் குத்தி இரத்தம் பார்த்தார்கள். உள்ளூரில் கடைசித் தொற்று 2012 அக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. காய்ச்சல் இல்லாதவரையும் தேடியது அந்த வெற்றிக்கு ஒரு முக்கிய காரணம்.

அப்படியே டெங்குவிலும் எல்லோருக்கும் இரத்தம் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. மலேரியாக் கிருமி நீண்ட நாள் இரத்தத்தில் இருக்கும், மருந்து கொடுத்து அழிக்கலாம். டெங்கு வைரஸ் சில நாட்களில் போய்விடும். அதை அழிக்க மருந்தும் இல்லை. இன்று பார்த்து இல்லையென்றால் நாளைக்கு இருக்கலாம். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, மூன்றாம் நாள் இரத்தம் பார்த்து, வார்டில் சேர்த்து, தகவல் சுகாதாரப் பணிமனைக்கு வந்து, அந்த வீட்டுக்குப் புகை அடிக்கும்போது, பிள்ளையை நுளம்பு கடித்து இரண்டு கிழமை ஆகியிருக்கும். அதற்குள் வைரஸ் இன்னும் பலரைக் கடந்து போயிருக்கும். ஆகவே டெங்குவில் ஆளைத் தேடிப் பயனில்லை. தண்ணீரைத்தான் தேட வேண்டும். காய்ச்சல் இல்லாத வீட்டுத் தொட்டியையும் பரிசோதகர் பார்ப்பது இதற்காகத்தான்.

நம் கரையோரத்துக்கு இதில் தனிப் பாடம் ஒன்றும் இருக்கிறது. ஏடிஸ் சுத்தமான நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று நாங்களே வகுப்பில் படிப்பித்திருக்கிறோம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றிவிட்டது. கரையோரத்து உவர்த் தண்ணீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதைக் கண்டார்கள். வீசிய போத்தல், பிளாஸ்டிக் சாமான், கைவிட்ட வள்ளம், பாவிக்காத கிணறு என்று எல்லாவற்றிலும் இருந்தன. நம் வாடிகளுக்குப் பக்கத்தில் கவிழ்க்காமல் கிடக்கும் பழைய போட்டுகளை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, நமது கிணறுகள் பல உப்பு. பவுசர் தண்ணீரைப் பீப்பாயிலும் தொட்டியிலும் சேமித்துத்தான் பல வீடுகள் வாழ்கின்றன. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து இங்கே குடியேறிய நம் உறவுகளுக்கு இந்தப் பீப்பாய் வாழ்க்கையை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தண்ணீர் சேமிப்பது குற்றமல்ல. மூடாமல் சேமிப்பதுதான் பிரச்சினை.

கடைசியாக, எங்களைத் தலைகுனிய வைத்த விசயத்துக்கு வருகிறோம்.

2020ஐ நாம் மறக்கவில்லை. கொரோனாவும் அறிகுறியில்லாமல் பரவிய நோய்தான். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எவராலும் சொல்ல முடியாத நேரத்தில், நம் சமூகத்தை நோக்கி விரல் நீட்டினார்கள். அந்த வருடம் ஏப்ரலில் வந்த வர்த்தமானி நம் ஜனாஸாக்களையும் எரிக்க வைத்தது. 2021 பெப்ரவரியில்தான் அது மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கங்கள் தொடங்கின. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்த விரல் எவ்வளவு வலிக்கும் என்று நமக்குத் தெரியும். அதே விரலை நாமே பக்கத்து வீட்டுக்கு நீட்டினோம்.

உமர் (ரழி) அவர்கள் சிரியாவுக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து, ஆலோசனை செய்து, ஸர்க் என்ற இடத்திலிருந்து திரும்பிய வரலாறு நமக்குத் தெரியும். நோயுள்ள ஊருக்குள் போகாதீர்கள், அந்த ஊரில் இருந்தால் அதைவிட்டு வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியும் தெரியும். வெளியேற வேண்டாம் என்ற சொல் அந்த ஊரில் நோயாளிக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல. சுகமாகத் தெரிகிறவருக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. அது யாரையும் குற்றம் சாட்டும் சொல்லல்ல. எல்லோர் மேலும் பொறுப்பை வைக்கும் சொல்.

அந்தப் பிள்ளையின் வாப்பா கொழும்பிலிருந்து வைரஸைக் கொண்டு வந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவருக்குக் காய்ச்சலே வரவில்லை. அதே கிழமை ஊருக்கு வந்த வேறு யாராவது கொண்டு வந்திருக்கலாம், அதில் நாங்களும் ஒருவராக இருக்கலாம். அவரே கொண்டு வந்திருந்தாலும், அவருடைய இரத்தத்திலிருந்து பிள்ளையின் இரத்தத்துக்கு அது தானாக நடந்து போகவில்லை. இடையில் ஒரு நுளம்பு தேவைப்பட்டது. அந்த நுளம்பு கொழும்பிலிருந்து வரவில்லை. நம் ஒழுங்கையில், நம் வாளியில், நம் டயரில் பிறந்தது. பாடசாலைப் பீலியில் பிறந்திருக்கவும் கூடும்.

நாங்கள் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி தந்தார். பிள்ளையின் உம்மா சிரிக்கவில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்கு முன் அரை மணி நேரம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். முட்டை நுளம்பாக ஒரு கிழமைக்குக் கொஞ்சம் கூடத்தான் எடுக்கும். தொட்டித் தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்து மாதக்கணக்கில் இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். சிரட்டை, யோகட் கப், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு, பழைய வள்ளம், ஒன்றையும் விடாதீர்கள். பாடசாலைப் பக்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். விட்டுப்போனால் வந்து சொல்லுங்கள்.

இரண்டு: லேசான காய்ச்சல் என்றாலும் பிள்ளையைப் பனடோல் கொடுத்துப் பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். வரவுப் பதிவுக்காக யாரும் கண்டிக்க மாட்டோம். வேறு வலி மாத்திரை கொடுக்காதீர்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் பாருங்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் மிகக் கவனமான நேரம். வயிற்று வலி, தொடர்ந்து வாந்தி, இரத்தக் கசிவு, சிறுநீர் குறைதல் இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மூன்று: யாருக்காவது டெங்கு வந்தால், "எங்கிருந்து கொண்டு வந்தார்கள்?" என்று கேட்காதீர்கள். கஞ்சியோ இளநீரோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி நம் தொட்டியைத் திறந்து பாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.